வேலை வாய்ப்பும் வீட்டுக் கணக்கும்

இன்ஜினீயரிங் முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால், வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான். "வேலை கிடைச்சுதுங்களா? சம்பளம் எத்தனை?" கோயம்புத்தூரில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று பெண்கள் கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி என் மகள். நானோ பத்தாவதோடு நின்றவள். ஆனாலும் இருபத்து மூன்று வருடமாக ஒரே சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறேன். சாஃப்ட்வேர் வேலையை எடை போடக்கூட அந்தப் பழக்கம் கை கொடுக்கிறது என்பதை என் போன்ற தாய்மார்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் மில்லும் பம்ப் செட்டும் மட்டுமே என்ற காலம் போய்விட்டது. 2010-ல் விளாங்குறிச்சியில் டைடல் பார்க் வந்தது. காக்னிசன்ட், பாஷ் போன்ற பெரிய கம்பெனிகளுக்கும் இங்கே அலுவலகம் உண்டு. சரவணம்பட்டிப் பக்கம் சின்னக் கம்பெனிகள் நிறைய. வேலையே இல்லை என்று சொல்வதற்கில்லை. அதற்காக விளம்பரங்களை அப்படியே எண்ணிவிடவும் கூடாது.

நானும் மகளும் ஒரு நோட்டுப் போட்டு, இரண்டு வாரம் கண்ணில் பட்ட உள்ளூர் விளம்பரங்களை எல்லாம் எழுதினோம். மொத்தம் 41. ஒரே வேலையை இரண்டு மூன்று ஏஜென்ட்டுகள் போட்டிருந்தது 12. மீதி 29. அதில் மூன்று வருட அனுபவம் கேட்டது 18. மீதி 11. "பயிற்சிக் கட்டணம் கட்டினால் வேலை நிச்சயம்" என்றது 4. கடைசியில் புதிதாகப் படித்து வந்தவளுக்கு என்று நின்றது ஏழே ஏழு! அரிசி புடைத்த மாதிரிதான். ஆனால் அந்த ஏழுக்கும் மனம் வைத்து விண்ணப்பித்தாள்.

காசு கட்டச் சொன்ன நான்கையும் யோசிக்காமல் அடித்து விட்டோம். வேலை கொடுப்பவர் சம்பளம் கொடுப்பாரே தவிர, நம்மிடம் வாங்க மாட்டார். கம்பெனி நிஜமானதா என்று தெரிந்து கொள்ள ஒரு வழி உண்டு. வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தின் இணையதளத்தில் கம்பெனி பெயரைப் போட்டுத் தேடலாம். பி.எஃப். கட்டுகிற கம்பெனியா என்று அதில் தெரிந்துவிடும்.

கடைசியில் இரண்டு இடம் கைக்கு வந்தது. ஒன்று பெங்களூரில், வருடம் 4,80,000 ரூபாய். மற்றது உள்ளூரில் முப்பது பேர் வேலை செய்யும் கம்பெனி, வருடம் 3,00,000. பெங்களூரில் இருக்கும் என் கொழுந்தனார் போனில், "அண்ணி, இதுல யோசிக்க என்னங்க இருக்கு? மாசம் நாற்பதாயிரம்!" என்றார்.

"கணக்குப் போட்டுப் பார்க்கிறேனுங்க" என்றேன்.

அந்த 4,80,000-க்குள் என்னென்ன அடக்கம் என்று மகளை வாசிக்கச் சொன்னேன். வேலைத் திறமையைப் பார்த்துப் பிறகு தருவது 48,000. பி.எஃப்.புக்குக் கம்பெனி பங்கு 21,600, அவள் பங்கு 21,600. கிராஜுவிட்டிக்கு 11,500. மருத்துவ இன்சூரன்சுக்கு 9,300. ஆக 1,12,000 போக, மாதம் கையில் வருவது தொழில் வரியும் கழித்துச் சுமார் 30,400. ஹாஸ்டலும் சாப்பாடும் 10,000, போக்குவரத்து 2,500, கைச்செலவு 3,000, ஊருக்கு வந்து போக 2,000. மிச்சம் 12,900.

உள்ளூரில் இரண்டு பி.எஃப். பங்கும் போகக் கையில் 21,400. அரசு டவுன் பஸ்ஸில் சாதாரணக் கட்டண வண்டியில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை. அவசரத்துக்கு ஷேர் ஆட்டோ 1,200, கைச்செலவு அதே 3,000. அவள் சாப்பாட்டுக்கென்று வீட்டுக்கு 4,000. மிச்சம் 13,200. நாற்பதாயிரமும் இருபத்தையாயிரமும் எங்கள் நோட்டில் ஏறக்குறைய சமமாகி விட்டன!

பணம் சமமானால் வேலையைப் பார்க்க வேண்டும். மகள் இரண்டு இடத்திலும் ஒரே கேள்வி கேட்டாள்: "முதல் ஆறு மாசம் நான் என்ன செய்வேன், யார் சொல்லிக் கொடுப்பாங்க?" பெங்களூரில், வாடிக்கையாளர் புகார்களைப் பதிந்து அனுப்பும் வேலை, மாறி மாறி இரவு ஷிப்ட். உள்ளூரில், மில்களுக்குச் சரக்கு இருப்புக் கணக்குப் பார்க்கும் மென்பொருள் எழுதும் வேலை, கூடவே அனுபவமுள்ள ஒருவர். சின்னச் சின்ன புரோகிராம்களைச் செயற்கை நுண்ணறிவே எழுதித் தரும் இந்த நாளில், பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிற ஆள் இருப்பது பெரிய சம்பளத்துக்குச் சமம் என்றாள்.

என் மாமியார், "பொட்டப் புள்ளை, உள்ளூர்லயே இருக்கட்டும் கண்ணு" என்றார். அந்தக் காரணத்தை மட்டும் நாங்கள் நோட்டில் எழுதவில்லை. பெங்களூரில் நல்ல வேலை கிடைத்திருந்தால் நானே பெட்டி கட்டி அனுப்பியிருப்பேன்.

உள்ளூர் கம்பெனியிலும் ஒரு முள் இருந்தது. இரண்டு வருடத்துக்குள் விலகினால் 1,00,000 ரூபாய் கட்ட வேண்டும், அசல் சான்றிதழ்களையும் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். "பாண்ட் எல்லாம் செல்லாது, கையெழுத்துப் போடு" என்று சிலர் தைரியம் சொன்னார்கள். அதை நம்பக் கூடாது. 2025 மே மாதம் ஒரு வங்கி ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட நிபந்தனை செல்லும் என்றே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மகள் நேரில் போய்ப் பேசினாள். ஒரு வருடம், 50,000 என்று குறைத்தார்கள். அசலைப் பார்த்துவிட்டு நகலை மட்டும் வைத்துக் கொள்ளச் சம்மதித்தார்கள். எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போட்டாள்.

பெண்ணைப் பெற்றவர்கள் இன்னும் இரண்டு விஷயம் கேட்டு வைப்பது நல்லது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பெண்களின் புகாரை விசாரிக்கக் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ல் வந்த சட்டம். முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுமுறை என்பது 2017 முதல் வந்த உரிமை. "இப்பவே எதுக்கு அதெல்லாம்?" என்று கூச்சப்பட வேண்டாம். இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிற இடம் எப்படிப்பட்டது என்று அப்போதே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு வீட்டிலும் கணக்கு வேறாக வரும். கல்விக் கடன் இருந்தால் தவணையையும் சேர்க்க வேண்டும். வெளியூர் வேலையே மேல் என்றும் முடியலாம். அப்போது சந்தோஷமாக அனுப்பி வையுங்கள். ஆனால் "வருடம் எத்தனை லட்சம்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் முன், மாதக் கடைசியில் கையில் எத்தனை, மூளையில் எத்தனை என்று பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். அதற்குப் பத்தாவது படிப்பே தாராளம்.