பெட்டி எப்போது திறக்கும்?

எகிப்து தேசத்துப் பாலைவனம். மணலுக்கு அடியில் ஒரு கல் பெட்டி. மூவாயிரம் வருஷமாக மூடிக் கிடக்கிறது. நான்கு பேர் கடப்பாரை போட்டு நெம்புகிறார்கள். மூடி அசைகிறது...

"உள்ளே இருப்பது யார்? ராஜாவா? மந்திரியா? சற்று நேரத்தில்!"

விளம்பரம் வந்துவிட்டது. சோப்பு, மசாலாப் பொடி, மோட்டார் சைக்கிள் எல்லாம் வரிசையாக வருகின்றன.

ஒரு வழியாக விளம்பரம் முடிந்தது. பெட்டி திறந்ததா? இல்லை! மறுபடியும் பாலைவனம். மறுபடியும் மணல். "எகிப்து நாட்டில், மூவாயிரம் வருஷத்துக்கு முந்திய பெட்டி ஒன்று..." என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்!

இது எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. என் தாயார் பள்ளிக்கூடம் போனதில்லை. திமிங்கிலத்தையும் எரிமலையையும் பனி மலையையும் அவர் டெலிவிஷனில்தான் பார்த்திருக்கிறார். சீரியல் அவருக்குப் பிடிக்காது. இந்த மாதிரி ஆவணப் படம் என்றால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏம்ப்பா, இதைத்தான் இப்பவே சொன்னானே? நமக்கு ஞாபகமே இருக்காதுன்னு நெனச்சுட்டானா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் பதில் இருக்கிறது.

முன்கதைச் சுருக்கம்

வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை படித்தவர்களுக்கு "முன்கதைச் சுருக்கம்" தெரியும். கதைக்கு மேலே நாலு வரி போடுவார்கள். அது நியாயம்தான். போன வாரம் படித்தது இந்த வாரம் மறந்திருக்கலாம் அல்லவா?

ஒரு வாரத்துக்கு ஒரு தடவை போட வேண்டியதைப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போட்டால்?

அதைத்தான் செய்கிறார்கள். முதலில், "இன்று என்னென்ன பார்க்கப் போகிறோம்" என்று ஒரு தொகுப்பு. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் முன்னால், "அடுத்து வரப்போவது" என்று ஒரு துண்டு. விளம்பரம் முடிந்ததும், "இதுவரை நடந்தது" என்று இன்னொரு துண்டு. இது போதாதென்று, குரல் கொடுப்பவர் சொன்ன விஷயத்தையே ஒரு பேராசிரியரும் வந்து சொல்வார். அவர் சொன்னதை மறுபடியும் குரல் கொடுப்பவர் சொல்வார்!

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்காவில் விளம்பரச் சேனல்களில் "ஒரு மணி நேர" நிகழ்ச்சி என்றால், விளம்பரம் போக மிஞ்சுவது சுமார் 42 முதல் 44 நிமிஷம். நாலு இடைவேளை என்று வையுங்கள். முன்னால் ஒரு நிமிஷம், பின்னால் ஒரு நிமிஷம் என்றால் எட்டு நிமிஷம் போச்சு. ஆரம்பத் தொகுப்புக்கு இரண்டு நிமிஷம். மீதி முப்பத்திரண்டு முதல் முப்பத்து நாலு. அதிலும் அந்தக் கடப்பாரை ஏழெட்டுத் தடவை வருகிறது!

ஏன் இப்படி?

முதல் குற்றவாளி நம் கையில் இருக்கிறது. ரிமோட்! 1955-ல் அமெரிக்காவில் கம்பியில்லாத ரிமோட் விற்பனைக்கு வந்தது. இப்போது அது இல்லாத வீடு உண்டா? விளம்பரம் வந்தவுடன் விரல் அடுத்த சேனலுக்குத் தாவுகிறது. பாதியில் வந்து சேருகிறவருக்குக் கதை புரிய வேண்டும் என்று திரும்பச் சொல்கிறார்கள். ஆக, ஓடிப்போனவருக்கு உபசாரம், ஆரம்பம் முதல் உட்கார்ந்திருந்தவருக்குத் தண்டனை!

இரண்டாவது காரணம் பணம். புதிதாக ஒரு நிமிஷம் படம் எடுக்க வேண்டுமானால் ஆள், காமிரா, விமானச் செலவு, சாப்பாட்டுச் செலவு எல்லாம் உண்டு. எடுத்த படத்தையே திரும்ப ஓட்டினால் காலணா செலவில்லை.

மூன்றாவது, விற்பனை. ஒரே படத்தைப் பல நாடுகளுக்கு விற்கிறார்கள். விளம்பர நேரம் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் பி.பி.சி.யின் உள்நாட்டுச் சேனல்களில் விளம்பரமே கிடையாது. அங்குள்ள பெரிய வியாபாரச் சேனல்களுக்கு நாள் சராசரியாக மணிக்கு 7 நிமிஷம்தான் என்று வரம்பு வைத்தார்கள். நம் நாட்டில் கேபிள் டெலிவிஷன் விதிகளில் மணிக்கு 12 நிமிஷம் என்று எல்லை போட்டார்கள். அமெரிக்காவில் குழந்தைகள் நிகழ்ச்சிக்கு மட்டும் சட்டத்தில் வரம்பு உண்டு, மற்றவற்றுக்கு இல்லை. ஆகவே, நீட்டவும் வெட்டவும் தோதாகப் படத்தைத் தயாரிக்கிறார்கள். திரும்பச் சொல்லும் துண்டுகளை ஒரு ஊரில் வெட்டிவிடலாம், இன்னொரு ஊரில் ஒட்டிவிடலாம்.

தோண்டிக்கொண்டே இருக்கும் தீவு

கனடா நாட்டில் நோவா ஸ்கோஷியா கரைக்கு அருகே ஓக் தீவு என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. 1795-ல் அங்கே சில இளைஞர்கள் ஒரு பள்ளத்தைப் பார்த்தார்கள், அதன் அடியில் புதையல் இருக்கிறது என்பது கதை. இருநூறு வருஷத்துக்கு மேலாகப் பலர் தோண்டிவிட்டார்கள்.

2014-ம் ஆண்டு ஜனவரியில் இதைப் பற்றி அமெரிக்காவில் ஒரு டெலிவிஷன் தொடர் ஆரம்பமாயிற்று. இரண்டு சகோதரர்கள் யந்திரங்களைக் கொண்டுவந்து தோண்டுகிறார்கள். 200 பகுதிகளுக்கு மேல் வந்துவிட்டன. பழைய நாணயம், ஆணி, மரத்துண்டு என்று ஏதேதோ கிடைத்தன. புதையல் பெட்டி மட்டும் கிடைக்கவில்லை! ஒரு மரத்துண்டு கிடைத்தாலும், "இது அந்தப் புதையலைச் சேர்ந்ததாக இருக்குமோ?" என்கிற கேள்வி வந்துவிடும்.

அந்தத் தீவில் சொல்லக் கதை இல்லை என்று நினைக்காதீர்கள். 1965 ஆகஸ்டு 17-ந் தேதி அங்கே புதையல் தேடிக்கொண்டிருந்த ராபர்ட் ரெஸ்டால் என்பவர் குழிக்குள் விஷவாயு தாக்கி விழுந்தார். அவரைக் காப்பாற்ற மகன் இறங்கினான். அவனும் விழுந்தான். உதவிக்குப் போன இன்னும் இரண்டு பேரும் மாண்டார்கள். ஒரே குழி, நான்கு உயிர்! இதை நிறுத்தி நிதானமாகச் சொன்னால் கேட்பவர் நெஞ்சு பதறும். பத்து நிமிஷத்துக்கு ஒரு கேள்விக்குறிக்கு நடுவே இதுவும் ஒரு துண்டாகப் போய்விட்டால் என்ன மிஞ்சும்?

கேள்விக்குறியின் ஆபத்து வேறு. 2012-ல் அமெரிக்கச் சேனல் ஒன்று கடல்கன்னிகளைப் பற்றி "ஆவணப் படம்" காட்டியது. விஞ்ஞானிகளாக வந்தவர்கள் நடிகர்கள்! பலர் நம்பிவிட்டார்கள். கடைசியில் அமெரிக்க அரசின் கடல் ஆய்வுத் துறையே, "கடல்கன்னி இருப்பதற்குச் சான்று எதுவும் இல்லை" என்று அறிவிக்க நேர்ந்தது. படிக்காதவர்கள் மட்டுமா ஏமாந்தார்கள்? படித்தவர்களும்தான்!

விளம்பரம்தான் குற்றவாளியா?

விளம்பரம் இருந்தால் நல்ல படம் எடுக்க முடியாது என்பது சரியல்ல. இரண்டாம் உலக யுத்தத்தைப் பற்றி "உலகம் போர்க்களத்தில்" என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடர் ஒன்று 1973-ல் பிரிட்டனில் வந்தது. தேம்ஸ் டெலிவிஷன் என்ற வியாபாரக் கம்பெனி எடுத்தது. விளம்பரத்துடன்தான் ஒளிபரப்பானது. 26 பகுதிகள். பிரபல நடிகர் லாரன்ஸ் ஒலிவியர் குரல் கொடுத்தார்.

முதல் பகுதி எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமா? பிரான்ஸ் நாட்டில் ஒரு கிராமம். பெயர் ஒரதூர். வீடுகளுக்குக் கூரை இல்லை. தெருவில் ஆள் இல்லை. 1944 ஜூன் 10-ந் தேதி ஜெர்மன் படை அங்கே 600 பேருக்கு மேல் கொன்று ஊரைக் கொளுத்தியது. காமிரா அந்தப் பாழடைந்த ஊரின் மேலே மெதுவாகப் போகிறது. ஒலிவியர் பேசுவதும் கொஞ்சம்தான். ஒரு தடவை பார்த்தால் போதும், மறக்காது. "இதுவரை நடந்தது" என்று ஞாபகப்படுத்த அவசியமே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது நம்மவர் செய்தது. "உலகம் சுற்றிய தமிழர்" என்று பெயர் பெற்ற ஏ.கே. செட்டியார் மகாத்மா காந்தியைப் பற்றி எடுத்த படம் 1940-ல் வெளிவந்தது. அதற்காக அவர் பல நாடுகளுக்கு அலைந்தார். பலர் பல வருஷங்களில் எடுத்திருந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்தார். சேர்ந்தது சுமார் 50 ஆயிரம் அடி. அதிலிருந்து படத்துக்கு எடுத்துக்கொண்டது சுமார் 12 ஆயிரம் அடி! கஷ்டப்பட்டுச் சேர்த்ததில் முக்கால் பங்கை ஒதுக்கி வைக்க அவருக்கு மனம் வந்தது. இந்தக் காலத்தில் அவ்வளவு சுருள் ஒருவர் கையில் கிடைத்தால் எத்தனை பகுதி வரும் என்று எண்ணிப் பாருங்கள்!

எங்கள் வீட்டில் என் தாயார் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை முறத்தையும் கீரைக் கட்டையும் எடுத்துக்கொண்டுதான் இப்போது டெலிவிஷன் முன்னால் உட்காருகிறார்.

"அவன் பழசைச் சொல்லி முடிக்கட்டும். அதுக்குள்ள நான் ஆஞ்சுடறேன்."

சென்ற வாரம் இரண்டு கட்டு முளைக்கீரை ஆய்ந்து முடித்து, வெங்காயமும் உரித்துவிட்டார். கடைசியில் மூடியைத் தூக்கினார்கள். பெட்டிக்குள் மணல்தான் இருந்தது.

"அடுத்த வாரம்..." என்று ஆரம்பித்தார் குரல் கொடுப்பவர். அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.