வெள்ளித்திரையில் தீயவர், வாழ்வில் தூயவர்!

"வில்லன்" என்றதும் நம் பாட்டிமாரின் நினைவுக்கு முதலில் வரும் பெயர் எது? பி. எஸ். வீரப்பா, ஆர். எஸ். மனோகர் என்று பலர் இருந்தபோதிலும், எம். என். நம்பியார் என்ற பெயருக்கே முதலிடம் என்றால் அது மிகையாகாது. நம் ஆமத்தூர்ப் பகுதியிலிருந்து விருதுநகருக்குச் சென்று, தரை டிக்கெட்டில் அமர்ந்து படம் பார்த்த தாய்மார்கள், அவர் திரையில் தோன்றி இரு கைகளையும் பிசைந்தவுடனேயே சாபமிடத் தொடங்கிவிடுவார்கள் என்று மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அத்தனை சாபங்களையும் வாங்கிய அந்த மனிதர் யார்? அவர் எங்கிருந்து வந்தார்? இதை அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும்.

மஞ்சேரி நாராயணன் நம்பியார் 1919-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் நாள் கண்ணூர்ப் பகுதியில் பிறந்தார். இன்று கேரளத்தில் உள்ள அந்த ஊர், அந்நாளில் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. தாய்மொழி மலையாளம். சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவர் உதகமண்டலத்திற்கு வந்து வளர்ந்தார். அங்கிருந்து சுமார் 13 வயதில் நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் நாடகக் குழுவில் சேர்ந்தார். மதுரை ஸ்ரீ தேவி பால வினோத சங்கீத சபா என்பது அக்குழுவின் பெயர்.

"பாய்ஸ் கம்பெனி" என்றால் என்ன என்று இக்காலத்து மாணவியராகிய நமக்குத் தெரியாது. முழுவதும் சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்திய குழுக்கள் அவை. நாடகத் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918-இல் மதுரையில் தொடங்கிய பால சபா இவ்வகையில் புகழ்பெற்றது. சிறுவர்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, உண்டு, உறங்கி, பயில வேண்டும். பாட்டு, வசனம், நடனம், சண்டைப் பயிற்சி எல்லாவற்றையும் வாத்தியார் கற்றுத்தருவார். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என வேடங்கள் பிரிக்கப்படும். பெண் வேடத்தையும் சிறுவர்களே தாங்குவர். மகரக்கட்டு வந்து குரல் உடைந்துவிட்டால், நேற்று வரை ராணியாக நின்றவன் இன்று வேறு வேடம் தேட வேண்டியதுதான். ஊர் ஊராகப் பயணம், இரவெல்லாம் நாடகம் என்று கடினமான வாழ்க்கை அது.

நவாப் ராஜமாணிக்கத்தின் குழு பக்தி நாடகங்களுக்குப் பெயர் பெற்றது. 'பக்த ராமதாஸ்' நாடகத்தில் நவாப் வேடத்தில் சிறந்து விளங்கியதாலேயே அவருக்கு அந்தப் பட்டம் நிலைத்தது. இராமாயணத்தையும் தசாவதாரத்தையும் நடத்திய அதே குழு, 'ஏசுநாதர்' நாடகத்தையும் மேடையேற்றியது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. இத்தகைய குழுவில்தான் பின்னாளைய வில்லன் வளர்ந்தார்!

மலையாளத்திலும் ழகரம் உண்டு. ஆகவே அந்த எழுத்து நம்பியாருக்குப் புதிதன்று. ஆனால் எழுத்து வேறு, பேச்சின் ஓசை வேறு. எங்கே நிறுத்துவது, எங்கே உயர்த்துவது என்பதை ஒவ்வொரு மொழியும் தனக்கென வைத்திருக்கிறது. அதை அவர் மேடையிலேயே பழகினார். 1935-இல் வெளிவந்த 'பக்த ராமதாஸ்' படத்தின் மூலம் திரையுலகிலும் கால் வைத்தார். மு. கருணாநிதி வசனம் எழுதிய 'மந்திரி குமாரி' (1950) படத்தில் அவர் ராஜகுருவாக வந்து பேசியபோது, அவரை வேற்று மொழிக்காரர் என்று யாரால் சொல்ல முடியும்?

அவர் கதாநாயகனாகவும் நடித்தவர் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த 'திகம்பர சாமியார்' (1950) படத்தில் 11 வேடங்களில் தோன்றினார். எனினும் காலம் அவருக்கு ஒதுக்கிய இடம் வில்லன் இடமே.

வில்லன் என்ற பாத்திரம் கதையில் எப்படி வேலை செய்கிறது என்பதை 'எங்க வீட்டுப் பிள்ளை' (1965) படத்தில் காணலாம். கோழையான ராமுவை அவன் அக்காள் கணவர் கஜேந்திரன் சாட்டையால் அடித்து அடக்கி வைக்கிறார். ராமுவாக எம். ஜி. ஆர்., கஜேந்திரனாக நம்பியார். பிறகு ராமுவைப் போன்ற தோற்றமுடைய வீரன் ஒருவன் வந்து அதே சாட்டையைக் கையில் எடுக்கும்போது அரங்கமே ஆர்ப்பரித்தது. அந்தக் கைதட்டல் எம். ஜி. ஆருக்குக் கிடைத்தது. ஆனால் அதற்கு முன் நம்பியார் அடித்த அடி உண்மையாகத் தோன்றியிராவிட்டால், அந்தக் கைதட்டல் பிறந்திருக்குமா? இருட்டு அடர்ந்திருந்தால்தானே விளக்கின் ஒளி தெரியும்! வெல்வது மட்டுமன்று, நம்பும்படி தோற்பதும் ஒரு கலையே.

இதில் இன்னொரு புதுமையும் உண்டு. கதாநாயகனான எம். ஜி. ஆரும் இலங்கையில் கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியில் 1917-இல் மலையாளக் குடும்பத்தில் பிறந்து, தமிழகம் வந்து, பாய்ஸ் கம்பெனியில் பயின்றவரே. வேறு மண்ணிலிருந்து வந்த இருவரில் ஒருவரைத் தமிழ் மக்கள் தலையில் வைத்துக் கொண்டாடினர். மற்றவரைத் திட்டித் தீர்த்தனர். இரண்டுமே அவர்களைத் தம்மவராக ஏற்றுக்கொண்டதன் அடையாளந்தான்.

பிறநாட்டிலும் இத்தகையோர் உண்டு. கான்ராட் வெய்ட் என்ற ஜெர்மானிய நடிகர், இட்லரின் ஆட்சியை வெறுத்து 1933-இல் தாய்நாட்டை விட்டு வெளியேறினார். அவருடைய மனைவி யூதப் பெண்மணி. அத்தகையவர், 'காசாபிளாங்கா' (1942) என்ற அமெரிக்கப் படத்தில் கொடிய நாஜி அதிகாரியாக நடித்தார். தாம் வெறுத்த தீமைக்கே தம் முகத்தைக் கொடுத்து, அதன் கொடுமையை உலகுக்குக் காட்டினார்.

நம்பியாரின் சொந்த வாழ்க்கையும் இப்படி வேடத்திற்கு நேர் எதிரானதே. திரையில் மதுக்கிண்ணத்தோடு தோன்றியவர், வாழ்வில் மதுவையும் புலாலையும் தொடாதவர். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சபரிமலைக்கு விரதமிருந்து சென்று, 'மகா குருசாமி' என்று மதிக்கப்பட்டவர். வழிபடும் முறை வேறாக இருந்தாலும், ஒரு நெறியை இத்தனை ஆண்டுகள் தவறாது காத்தவரை நாம் மதிக்க வேண்டுமல்லவா? 'தூறல் நின்னு போச்சு' (1982) படத்தில் இயக்குநர் கே. பாக்யராஜ் அவருக்கு நல்ல மனம் படைத்த குஸ்தி வாத்தியார் வேடத்தைத் தந்தார். சபித்த தாய்மார்களே அவரைக் கண்டு சிரித்து மகிழ்ந்தனர். 2006 வரை படங்களில் நடித்த அவர், 2008 நவம்பர் 19-ஆம் நாள் சென்னையில் தமது 89-ஆம் வயதில் காலமானார்.

அன்புத் தோழியரே! கிறிஸ்து பிறப்பு விழா நாடகம் என்றால் நம்மில் எல்லோருக்கும் மரியாளாகவோ வானதூதராகவோ வர ஆசை. ஏரோது வேடத்தைக் கொடுத்தால் முகம் வாடிவிடுகிறது. பாஸ்கா நாடகத்தில் யூதாசாக நிற்பவரையும், சாட்டை ஓங்கும் போர்வீரரையும் மறுநாள் தெருவில் கேலி செய்வோரும் உண்டு. ஆனால் ஏரோது இல்லாவிடில் எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தின் துயரம் நமக்கு எப்படி விளங்கும்? அந்தச் சாட்டை ஓங்கப்படாவிடில், நம் ஆண்டவர் பட்ட பாடுகளைக் கண்டு யார் கண்ணீர் விடுவார்?

ஆகவே, கிடைத்த வேடம் எதுவாயினும் அதை மனமாரச் செய்வோம். வேடத்தைக் கண்டு மனிதரை எடை போடாதிருப்போம். வேற்று ஊரிலிருந்தும் வேற்று மொழியிலிருந்தும் நம் வகுப்புக்கு வந்து சேரும் தோழியரிடமும் இதே அன்பைக் காட்டுவோமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி