கம்பி முனையில் பிறந்த முகங்கள்

கட்டைவிரல் அளவில் ஒரு முகம். கருநீலத் தாடி, சுருள் சுருளான முடி, இமைக்காமல் விழிக்கும் பெரிய கண்கள், உச்சியில் கயிறு கோக்க ஒரு வளையம். எல்லாமே கண்ணாடி. பழங்காலக் கடல்வணிகரான பினீசியரும் அவர்கள் வழிவந்த கார்த்தேஜ் மக்களும் கி.மு. 7ஆம் நூற்றாண்டு முதல் பல தலைமுறைகள் அணிந்த பதக்கம் இது. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜிலும் சார்தீனியா, இபிசா தீவுகளிலும் உள்ள கல்லறைகளில் இவை கிடைத்துள்ளன.

இந்த முகத்தை யாரும் உளியால் செதுக்கவில்லை. உலோகக் கம்பியின் முனையில் களிமண் பூசி, அதன்மேல் இளகிய கண்ணாடியைச் சுற்றிச் சுற்றித் திரட்டினார்கள். அது குழைவாக இருக்கும்போதே மூக்கை இழுத்துவிட்டு, உதட்டுக்கும் காதுக்கும் துளித்துளியாக நிறக் கண்ணாடி வைத்தார்கள். வெள்ளைத் துளி மேல் நீலத் துளி வைத்தால் கண் ஆயிற்று. ஆறினால் இறுகிவிடும், சூடு மிஞ்சினால் வைத்த மூக்கே வழிந்துவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே கிடைக்கும் சில நொடிகளில்தான் கைத்திறன் பேசியது.

கண்ணாடிக்கு மூலப்பொருளான மணல் தானாக உருக ஏறத்தாழ 1,700 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அவ்வளவு சூடு அன்றைய உலைகளுக்கு எட்டாது. எகிப்தின் வறண்ட ஏரிகளில் கிடைத்த நேட்ரான் உப்பைச் சேர்த்ததும் சுமார் 1,100 டிகிரியிலேயே மணல் இளகியது. ஆனால் உப்பும் மணலும் மட்டும் சேர்ந்த கண்ணாடியை நீர் மெல்ல மெல்லக் கரைத்துவிடும். அதைத் தடுப்பது சுண்ணாம்பு. பினீசியக் கரையின் பெலுஸ் ஆற்று மணலில் சிப்பித்தூளாக அது முன்பே கலந்திருந்தது. நீலத்தைக் கோபால்ட்டும், வெள்ளையையும் மஞ்சளையும் ஆன்டிமனி சேர்மங்களும் தந்தன.

அந்த ஆற்றங்கரையில் சமைத்த வணிகர்கள் தற்செயலாகக் கண்ணாடியைக் கண்டுபிடித்ததாக ரோமானிய அறிஞர் பிளினி எழுதினார். உண்மையில் மெசபொத்தேமியர்களும் எகிப்தியர்களும் பினீசியருக்கு வெகுகாலம் முன்பே கண்ணாடி செய்தவர்கள். கண்டுபிடித்த பெருமை பினீசியருடையதல்ல. அந்தப் பொருளுக்கு முகம் கொடுத்துக் கடல்கடந்து கொண்டுசென்ற பெருமை அவர்களுடையது.

கண்கள் ஏன் அவ்வளவு பெரியவை? திருஷ்டி கழிக்க என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. தீய பார்வையை எதிர்த்து நிற்க, அதைவிட அகலமாக விழிக்கும் பார்வை வேண்டுமல்லவா?

பதக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே ஒரு குழி இருக்கும். கண்ணாடி ஆறியபின் களிமண் பொடிந்து, கம்பி கழன்ற இடம் அது. செய்தவரின் பெயர் எங்கும் இல்லை. அவர் பிடித்த கம்பியின் தடம் மட்டும் 2,000 ஆண்டுகள் கடந்தும் அப்படியே இருக்கிறது.