இணையக் கருவிகளும் செயலித் தளச் செலவும்

இடுக்கி மாவட்டத்தின் கிழக்கெல்லையில் உள்ள வண்டன்மேடு, நெடுங்கண்டம் முதலிய இடங்களில் ஏலம் பெரிதும் பயிராகிறது. அதற்கு மண்ணின் ஈரம் இன்றியமையாதது. கோயமுத்தூர் மாவட்டத்தை அடுத்துள்ள பாலக்காட்டின் சித்தூர் வட்டாரத்திலோ மழை குறைவு. பாசன நீரை அளந்தே செலவிட வேண்டும். மண்ணில் பதித்த உணர்வி ஈரத்தை அளந்து இணையத்தின் வழியே அனுப்ப, உழவர் அதனைக் கைப்பேசியில் காண்பது இவ்விரு இடங்களுக்கும் ஏற்ற முறையாகும். 2015இல் தொடங்கிய பாலக்காடு இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், மத்திய அரசு 2018இல் ஏற்ற தேசியத் திட்டத்தின் கீழ், இத்தகைய முயற்சிகளுக்குத் துணைபுரியும் மையம் ஒன்றும் அமைந்துள்ளது.

கருவி செய்யும் இளம் நிறுவனம் மின்சுற்று, மின்கலம், பெட்டி ஆகியவற்றின் விலையை நன்கு கணக்கிடும். அவை ஒருமுறைச் செலவு. ஆனால் உணர்வியின் அளவு கைப்பேசியை அடைய இடையே ஒரு செயலித் தளம் வேண்டும். செய்திகளைப் பெற்றுச் சேமித்தல், உரியவருக்கு மட்டும் காட்டுதல், கைப்பேசிச் செயலியை அளித்தல் ஆகியவை அதன் பணிகள். கருவி தோட்டத்தில் இயங்கும் வரை இதற்குச் செலவு உண்டு.

செலவு எங்கே மிகுகிறது?

செய்திகளை அனுப்புவதே பெருஞ்செலவு என்று தோன்றலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். 5 நிமிடத்திற்கு ஒரு முறை அளவை அனுப்பும் கருவி, நாளொன்றுக்கு 288 செய்திகளும் 30 நாளில் 8,640 செய்திகளும் அனுப்பும். ஆயிரம் கருவிகளுக்கு 86.4 லட்சம். அமேசான் நிறுவனத்தின் கருவி இணைப்புச் சேவை, அமெரிக்காவில், பத்து லட்சம் செய்திகளுக்குச் சுமார் 1 டாலர் பெறுகிறது. ஆகவே அங்குள்ள விகிதப்படி செய்திக் கட்டணம் மாதம் 9 டாலரை எட்டாது. மண்ணின் ஈரம் மெதுவாகவே மாறுவதால் அரைமணிக்கு ஒரு முறை அனுப்பினாலும் போதும். அப்போது கட்டணம் ஆறில் ஒரு பங்காகும். மின்கலமும் நெடுநாள் உழைக்கும்.

உண்மையான சுமை வேறிடத்தில் உள்ளது. ஆயத்தத் தளங்கள் பல, கருவிகள் எத்தனையாயினும் ஒரு குறைந்த அளவு மாதக் கட்டணம் விதிக்கின்றன. அது ரூ. 10,000 என்று கொள்வோம். 50 கருவிகளே விற்றிருந்தால் ஒவ்வொன்றின் மீதும் மாதம் ரூ. 200 விழும், ஐந்தாண்டில் அது ரூ. 12,000. ஆயிரம் கருவிகள் விற்றபின் மாதம் ரூ. 10, ஐந்தாண்டில் ரூ. 600 மட்டுமே. எனவே வருவாய் குறைந்த தொடக்கக் காலத்திலேயே சுமை மிகுதி.

சொந்தமாகச் செயலி செய்வதும் முற்றிலும் எளிதன்று. கூகுள் கடையில் பதிவுக் கட்டணம் ஒருமுறை 25 டாலர். ஆப்பிள் கடைக்கு ஆண்டுதோறும் 99 டாலர். இவை சிறியவை. கைப்பேசி மென்பொருள் மாறும்போதெல்லாம் செயலியையும் திருத்த வேண்டும். அப்பணியாளரின் ஊதியமே பெருஞ்செலவு. எல்லைப் பகுதியில் தமிழ், மலையாளம் ஆகிய இரு மொழிகளிலும் செயலி பேச வேண்டும் என்பதும் கருதத் தக்கது.

தளம் மூடப்பட்டால்?

கூகுள் நிறுவனம் தன் கருவி இணைப்புச் சேவையை 2023 ஆகஸ்டு 16இல் நிறுத்தியது. ஓராண்டு முன்னறிவிப்பு இருந்தும், அதனை நம்பியவர்கள் வேறிடம் பெயர வேண்டியதாயிற்று. தளத்தின் முகவரி மாற்ற இயலாதவாறு கருவிக்குள் பதிந்திருந்தால், பழுதற்ற உணர்வியும் மண்ணில் ஊமையாகிவிடும். இழப்பு, விலை கொடுத்த உழவருடையது.

இதனைத் தவிர்க்க வழிகள் உண்டு. கருவி, நிறுவனத்தின் சொந்த இணைய முகவரியையே நாட வேண்டும்; பின்னாலுள்ள தளத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். செய்தி முறை பொதுவானதாக இருத்தல் நலம். எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க 1999இல் உருவான எம்.க்யூ.டி.டி. அத்தகையது. அதற்குரிய மொஸ்கிட்டோ என்னும் இலவச மென்பொருளை வாடகைக் கணினியில் இயக்கலாம். ஆயினும் பாதுகாப்பும் பழுதுபார்ப்பும் நம் பொறுப்பாகும். மலைச்சரிவில் கைப்பேசி அலை கிட்டாத வேளையிலும் அருகில் நின்று அளவைப் படிக்கும் வசதி கருவியிலேயே இருக்க வேண்டும்.

தொடக்கத்தில் ஆயத்தத் தளத்தைக் கொள்வது தவறன்று. வெளியேறும் வழியை முன்கூட்டியே அமைத்து, ஐந்தாண்டுப் பராமரிப்பையும் விலையில் சேர்த்து உழவருக்கு அறிவிப்பதே நேர்மையும் சிக்கனமும் ஆகும்.