பெற்றோலுக்கு மாற்று உண்டு, தண்ணீருக்கு இல்லை

1981 இல் வெளிவந்த ‘மேட் மேக்ஸ் 2’ படத்தில் நாகரிகம் சிதைந்து கிடக்கிறது. பாலைவனத்தில் மிஞ்சியவர்கள் ஒரு பவுசர் பெற்றோலுக்காக ஒருவரையொருவர் கொல்கிறார்கள். அதே இயக்குநர் ஜார்ஜ் மில்லர் 2015 இல் ‘ஃபியூரி ரோட்’ எடுத்தபோது, நிலத்தடித் தண்ணீரைத் தன் பிடியில் வைத்திருப்பவனே அரசனாகிவிட்டான். எல்லாம் நின்றுபோனால் மனிதர் முதலில் எதற்குத் தவிப்பார்கள்? கப்பலோட்டிகளும், பேரிடருக்கு முன்கூட்டியே தயாராகிறவர்களும் கேட்க வேண்டிய கேள்வி இது. இலங்கையின் வடக்கிலுள்ள ஆனையிறவைச் சுற்றிய மண் அதற்குத் தன் அனுபவத்திலிருந்தே பதில் சொல்லும்.

1990 இல் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபோது வடபகுதிக்கு எரிபொருளும் பற்றரியும் வருவது தடைப்பட்டது. மின்சாரமும் நின்றது. 2002 இல் தடை நீங்கிக் கண்டி வீதி திறக்கும்வரை வன்னியில் பெற்றோல் மருந்துபோல் துளிக்கணக்கில் செலவாகும் பொருளாகவே இருந்தது. ஆனாலும் வண்டிகள் ஓடின. மோட்டார் சைக்கிள்களும் பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களும் மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு ஓடின.

பெற்றோல் உறைகுளிரிலும் ஆவியாகி நெருப்புப் பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 40 பாகை செல்சியஸைத் தொட்டால்தான் பற்றுமளவுக்கு ஆவி விடும். ஆகவே குளிர்ந்த இயந்திரத்தில் அது திரவமாகவே தங்கிவிடும்; பொறி விழுந்தாலும் பயனில்லை. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டுக் கிளப்பி, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு இயந்திரத்தின் சூடே மண்ணெண்ணெயை ஆவியாக்கிக்கொள்ளும். இலங்கை மீனவர்களின் வெளியிணைப்பு இயந்திரங்களும் இப்படித்தான் பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. இதற்கு ஒரு விலை உண்டு. வெண்புகை கக்கும், பிளக்கில் கரி பிடிக்கும், எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து ஒயிலை நீர்க்கச் செய்யும். ஆனாலும் நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம். உலகம் அழிந்து பல ஆண்டுகள் கழிந்தும் பழைய பெற்றோலில் கார் சீறிப்பாயும் படங்கள்தான் பொய். பெற்றோலின் இலகுவான கூறுகள் ஆவியாகிவிடும். மிஞ்சியது ஒட்சிசனோடு சேர்ந்து பிசினாகும்.

செய்தி கேட்பதற்கும் வழி பிறந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதிகட்டையைக் கையால் சுற்றினால், டைனமோ 6 வோல்ற்றில் ஏறத்தாழ 3 வாற் மின்சாரம் தரும். அது ஆடலோட்டம் என்பதால் டயோட்டுகளைப் பூட்டி நேரோட்டமாக்கி வானொலிக்குக் கொடுத்தார்கள். சிறிய வானொலிக்கு ஒரு வாற்றே தாராளம். பி.பி.சி. தமிழோசை சிற்றலையில் வானின் அயனமண்டலத்தில் தெறித்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடந்து வந்தது. நடுவில் எந்தக் கோபுரமும் கம்பியும் தேவைப்படவில்லை. பாய்மரக் கப்பலோட்டிகள் சிலர் இன்றும் சிற்றலை வானொலியைக் கைவிடாததற்கு இதுவே காரணம்.

சவர்க்காரம் எட்டாத விலைக்கு ஏறியபோது பனம்பழம் உடுப்புத் தோய்த்தது. பழக்களியில் காறலாக நாக்கைப் பிடிக்கும் பொருளை ‘ஃபிளபெலிஃபெரின்’ என்று வேதியியலாளர் அழைக்கிறார்கள். அது சப்போனின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் மூலக்கூறில் சர்க்கரையாலான ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை எண்ணெய்ப்பசையை நாடும். ஒன்று அழுக்கைப் பற்றிக்கொள்ள, மற்றது தண்ணீரோடு இழுத்துச் செல்லும். கடைச் சவர்க்காரமும் செய்வது இதையே. சீயக்காயும் பூவந்திக்காயும் நுரைப்பது இதே குடும்பத்தால்தான்.

இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரே விதி இருக்கிறது. பொருள் போய்விட்டாலும் அது செய்த வேலையை இன்னொன்றைக் கொண்டு செய்விக்கலாம். திரைப்படக் கதாநாயகன் கிடங்கைக் கைப்பற்றுகிறான். நிஜத்தில் தப்பியவர்கள் ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கைப்பற்றினார்கள். ஆனால் இந்த விதி ஓரிடத்தில் முறிகிறது.

2000 ஏப்ரல் 22 அன்று இலங்கை இராணுவம் ஆனையிறவுப் பெருந்தளத்தைக் கைவிட்டது. வீழ்த்த முடியாதது என்று பெயர்பெற்ற தளம் அது. வீழ்ச்சிக்குப் போர்க்களக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று தாகம். தளத்துக்கான குடிநீர் வடக்கே சில கிலோமீற்றர் தொலைவிலிருந்த இயக்கச்சிக் கிணறுகளிலிருந்து வந்தது. இயக்கச்சி கைநழுவியதும், கண்ணுக்கெட்டிய தூரம்வரை தண்ணீர் சூழ்ந்த இடத்தில் படையினர் நீரின்றி வாடினர்.

கடல்நீரை ஏன் குடிக்கக்கூடாது என்பது எளிய கணக்கு. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. நம் சிறுநீரகம் மிகவும் முயன்றாலும் லீற்றருக்கு 20 கிராம் அளவிலேயே உப்பை வெளியேற்றும். ஒரு லீற்றர் குடித்தவர் அந்த உப்பைக் கழிக்க ஒன்றேமுக்கால் லீற்றர் சிறுநீர் விடவேண்டும். முக்கால் லீற்றர் உடம்பிலிருந்து கடனாகப் போகும். ஆனையிறவைச் சூழ்ந்த உவரேரியின் கோடைக்கால நீர் கடலைவிடவும் உவர்ப்பு. 1995 இல் வந்த ‘வோட்டர்வேர்ல்ட்’ படத்தில் கடலில் வாழும் கதாநாயகன் தன் சிறுநீரை வடிகட்டிக் குடிக்கிறான். பார்க்க அருவருப்பு, ஆனால் சிறுநீரில் கடல்நீரைவிட உப்புக் குறைவு என்பதால் அறிவியல் அவன் பக்கமே. தவறு படத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. உலகின் பனிக்கட்டி முழுவதும் உருகினாலும் கடல்மட்டம் 65 முதல் 70 மீற்றர்வரையே உயரும். ஆனையிறவு மூழ்கும், பீதுருதலாகல மலை தலைநிமிர்ந்தே நிற்கும்.

சரி, உப்பைப் பிரித்தெடுக்க முடியாதா? முடியும். ஆனையிறவு உப்பளம் அதைத்தான் செய்கிறது, தலைகீழாக. சோழகக் காற்றும் வெயிலும் சேர்ந்த நாட்களில் பாத்திகளிலிருந்து நாளுக்கு 5 மில்லிமீற்றர் அளவு நீர் ஆவியாகும். ஒரு ஹெக்டேயருக்கு அது 50,000 லீற்றர் தூய நீர். உப்பளம் உப்பை வைத்துக்கொண்டு அந்த நீரைக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. தாகித்தவனுக்கு வேண்டியது அந்த ஆவி. கண்ணாடிக் கூரையிட்டுப் பிடித்தால் ஒரு சதுர மீற்றரில் நாளுக்கு 3 முதல் 5 லீற்றர் கிடைக்கும். ஒருவர் பிழைக்க அது போதும், ஆயிரக்கணக்கானோருக்குக் கூரை போட முடியாது. காய்ச்சி வடித்தால் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் கணக்குப்படி 14 லீற்றர் நீர் தரலாம், நடைமுறையில் அதில் பாதிகூடத் தேறாது. தண்ணீரை ஆவியாக்க அத்தனை சக்தி வேண்டும். அத்துடன், நம் உடம்புக்குள் தண்ணீரின் வேலையைச் செய்ய வேறொரு திரவமும் இல்லை.

அப்படியானால் உவரேரியின் அருகே இயக்கச்சியில் மட்டும் நல்ல கிணறு எப்படி? மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, அடியிலுள்ள அடர்த்தி கூடிய உவர்நீர்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கும். அதே கணக்குத் திரும்பியும் அடிக்கும். மேலே ஒரு மீற்றரை இறைத்துத் தீர்த்தால், காலப்போக்கில் உவர் 40 மீற்றர் ஏறிவிடும். ஆனையிறவின் ஒடுங்கிய நிலத்தில் இந்த நன்னீர்ப் படலம் தடிக்க இடமே இல்லை.

கனகராயன் ஆறு வந்து விழும் ஆனையிறவு ஏரியையே நன்னீராக்கிவிடலாம் என்று 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் திட்டமிட்டார். அணைகட்டிக் கடலை மறித்தால், ஆண்டுக்காண்டு மாரிமழை ஏரியின் உப்பைக் கழுவும் என்பது அவர் கணக்கு. அது முழுமையாகவில்லை. இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கொண்டுபோகும் யோசனையைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்களுடைய வயலுக்கும் அதே நீர்தான். இறுதியில் ஆனையிறவுக்கு வடக்கே தாளையடியில், கடல்நீரிலிருந்து நாளுக்கு 24,000 கனமீற்றர் நன்னீரைப் பெறும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. அது நீரை ஆவியாக்குவதில்லை. மென்சவ்வு வழியாக அழுத்தித் தள்ளுவதால், காய்ச்சுவதைவிடப் பலமடங்கு குறைந்த சக்தியே செலவாகும். கையால் இயக்கும் அதன் சின்னஞ்சிறு வடிவம் உயிர்காப்புப் படகுகளுக்கென விற்கப்படுகிறது. ஆழ்கடல் ஓடுபவர் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய கருவி அதுவே.

ஆகவே அவசரப் பையைக் கட்டும்போது தண்ணீரும் அதைப் பெறும் வழியும் முதலில் வரட்டும். எரிபொருள், விளக்கு, சவர்க்காரம் போன்றவற்றுக்கு அறிவையும் அயலவரையும் நம்பலாம். அடுத்தமுறை உலகம் அழியும் படமொன்றைப் பார்க்கும்போது துப்பாக்கிகளை எண்ண வேண்டாம். இவர்கள் குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலான இயக்குநர்களிடம் பதில் இருக்காது.