இறங்க மறுக்கும் கொழுப்பு: உணவும் மருந்தும்



"நான் சுத்த சைவம். முட்டைகூடத் தொடுவதில்லை. எனக்கு எப்படி ஐயா கொலஸ்ட்ரால் ஏறும்?"

பினாங்கில் அரசாங்க மருந்தகத்தில் 31 ஆண்டுகள் மருந்து எடுத்துக் கொடுக்கும் பணியில் இருந்தபோது, இந்தக் கேள்வி என் காதில் விழாத மாதமே இல்லை. கேட்பவரின் குரலில் வருத்தத்தோடு கூச்சமும் கலந்திருக்கும். வாய்க்கட்டுப்பாடு இல்லாதவர் என்று தம்மைப் பிறர் எண்ணிவிடுவார்களோ என்ற கூச்சம் அது. அதன் காரணமாகவே மாத்திரைகளை வாங்கிச் சென்று அலமாரியில் பூட்டி வைத்தவர்கள் பலர். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். எனக்கும் இந்நோய் உண்டு. ஆதலால் பணியில் கற்றதோடு உடம்பில் கண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கொழுப்பு எங்கிருந்து வருகிறது?

கொலஸ்ட்ரால் நஞ்சன்று. உடலின் ஒவ்வோர் உயிரணுவின் சுவருக்கும், உணவைச் செரிக்கும் பித்தநீருக்கும், பல சுரப்பு நீர்களுக்கும் அது தேவை. ஆகவேதான் உடல் அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. நம் உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி உடலே உண்டாக்கியது. உணவின் வழி வருவது குறைந்த பங்குதான். இறைச்சியைத் தொடாதவருக்கும் அது ஏறக்கூடும் என்பதற்கு முதற் காரணம் இதுவே.

இரண்டாவது காரணம் சற்று நுட்பமானது. கல்லீரலின் மேற்பரப்பில் சிறு வாயில்கள் போன்ற அமைப்புகள் உள்ளன. இரத்தத்தில் ஓடும் 'எல்.டி.எல்.' எனும் கெட்ட கொழுப்பை இவ்வாயில்களே உள்ளிழுத்து அகற்றுகின்றன. இதைக் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானிகளான மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நெய், தேங்காய்ப்பால், செம்பனை எண்ணெய் போன்றவற்றிலுள்ள பூரிதக் கொழுப்பு மிகும்போது இவ்வாயில்கள் குறைகின்றன, இரத்தத்தில் எல்.டி.எல். தேங்குகிறது. தேங்காயில் கொலஸ்ட்ரால் இல்லை என்பது உண்மை. ஆயினும் அதன் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குப் பூரிதக் கொழுப்பே உள்ளது. செம்பனை எண்ணெயில் அது ஏறத்தாழப் பாதி. நெய்யில் பாதிக்கு மேல். சூரியகாந்தி எண்ணெயிலோ பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

மூன்றாவது காரணம் பிறப்பு. சிலருக்கு இவ்வாயில்களில் ஏறத்தாழப் பாதி பிறவியிலேயே சரியாக வேலை செய்வதில்லை. ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இக்குடும்பவழிக் கொழுப்பு நோய் இருப்பதாக மருத்துவர்கள் கணக்கிடுகின்றனர். இவர்கள் எவ்வளவு வாயைக் கட்டினாலும் உணவினால் மட்டும் அளவை வேண்டிய மட்டத்திற்கு இறக்குவது அரிது.

என் கணக்கு

2009ஆம் ஆண்டில் என் அண்ணன் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 49. அவர் புகைபிடித்ததில்லை; மெலிந்த தேகம். அதன்பின் எங்கள் குடும்பத்தார் யாவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டோம். என் எல்.டி.எல். அளவு லிட்டருக்கு 6.1 மில்லிமோல். 4.9 அல்லது அதற்கு மேல் இருந்தாலே மிக அதிகம் என்பது மருத்துவ வழக்கு. மருத்துவர் என் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணைத் தொட்டுப் பார்த்தார், அது தடித்திருந்தது. குடும்பவழி நோய்க்கு அதுவும் ஓர் அறிகுறி. எனக்கு அவர் வகுத்த எல்லை 2.6.

ஆறு மாதம் உணவை ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். அளவு 5.4க்கு இறங்கியது. பத்து விழுக்காட்டிற்குச் சற்று அதிகம். உணவால் பெரும்பாலோர் பெறக்கூடிய பலன் இவ்வளவுதான். பின்னர் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் தொடங்கியதும் 3.1 ஆயிற்று. அளவை 40 மில்லிகிராமாக இரட்டித்தபோது 2.8. மருந்தை இரட்டித்தால் பலனும் இரட்டிக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் இவ்வகை மருந்தில், ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 6 விழுக்காடே. ஆகவே மருத்துவர் அதை மேலும் ஏற்றாமல், குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெடிமைப் என்ற வேறொரு மாத்திரையைச் சேர்த்தார். அளவு 2.2க்கு வந்தது. உணவு, முதல் மருந்து, இரண்டாம் மருந்து ஆகிய மூன்றும் சேர்ந்தே அந்த எல்லையைத் தாண்ட உதவின. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

தட்டில் செய்ய வேண்டியது

காலையில் நெய் ஊற்றிய ரொட்டி சானாய் அல்லது நாசி லெமாக், மாலையில் வடையும் டின் பால் கலந்த தே தாரேக்கும் என்பது நம் நாட்டில் பலருக்கும் பழக்கம். இவற்றை மாதத்தில் சில நாளைக்கு என்று ஒதுக்குவதே முதற்படி. தோசைக்குத் தேங்காய்ச் சட்டினிக்குப் பதில் சாம்பாரோ தக்காளிச் சட்டினியோ போதும். குழம்பில் தேங்காய்ப்பாலைப் பாதியாக்கி, வேகவைத்து மசித்த பருப்பைச் சேர்த்தால் கெட்டித் தன்மை குறையாது. பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சுதல் கூடாது. அன்னதானச் சமையலுக்கு எண்ணெய் வழங்கும் அன்பர்களும் இதைக் கருத்தில் கொள்ளலாம்.

விலக்குவது போலவே சேர்ப்பதும் முக்கியம். கனடாவில் டேவிட் ஜென்கின்ஸ் என்ற ஆய்வாளர் குழுவினர் 2003ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஓட்ஸ், பார்லி, வெண்டைக்காய், கத்திரிக்காய், சோயா உணவு, பாதாம் பருப்பு, தாவர ஸ்டீரால் ஆகியவற்றை ஒருசேர உண்ணச் செய்தபோது, ஒரே மாதத்தில் எல்.டி.எல். ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்தது. உணவு முழுவதையும் ஆய்வாளர்களே அளந்து கொடுத்ததால் கிடைத்த பலன் இது. மக்களுக்கு ஆலோசனை மட்டும் கூறி அவரவர் வீட்டிலேயே உண்ண விட்டு அதே குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில் பலன் சுமார் 13 விழுக்காடாக இருந்தது. வெண்டைக்காயும் கத்திரிக்காயும் நம் சமையலறைக்கு அந்நியமல்ல. சோயாவில் செய்த தெம்பே நம் சந்தையிலேயே கிடைக்கிறது. உப்பிடாத நிலக்கடலையோ பாதாமோ நாளுக்கு ஒரு கைப்பிடி நன்று. பூண்டும் வெந்தயமும் உணவில் தாராளமாக இருக்கட்டும். அவற்றை மாத்திரைக்கு ஈடாகக் கருத வேண்டாம்.

மாத்திரை என்ன செய்கிறது?

ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ, 1970களில் ஒரு பூஞ்சைக் காளானிலிருந்து ஸ்டாட்டின் வகையின் முதற் பொருளைப் பிரித்தெடுத்தார். அவர் 2024இல் மறைந்தார். ஸ்டாட்டின் கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைக்கிறது. உற்பத்தி குறைந்ததும் கல்லீரல் தன் தேவைக்காக மேலும் பல வாயில்களைத் திறந்து, இரத்தத்திலுள்ள எல்.டி.எல்.ஐ உள்ளிழுக்கிறது.

இதனால் ஆயுள் நீளுமா என்ற ஐயத்திற்கு 1994ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. வட ஐரோப்பாவில் இருதய நோயுள்ள 4,444 பேரை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்து வந்தனர். வெற்று மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு 12 பேர் இறந்தனர். சிம்வாஸ்டாட்டின் உண்டவர்களில் நூற்றுக்கு 8 பேர். அந்த நான்கு பேரும் யாரோ ஒரு வீட்டின் அண்ணனோ தகப்பனோ அல்லவா?

சிம்வாஸ்டாட்டினை இரவில் உண்பது நல்லது. அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் இரண்டையும் எந்நேரமும் உண்ணலாம்; நாள்தோறும் ஒரே வேளையில் உண்டால் மறதி வராது.

அச்சங்களும் உண்மைகளும்

"மாத்திரை சாப்பிட்டால் கை கால் வலிக்கிறது, அண்ணே" என்று என்னிடம் சொன்னவர்கள் ஏராளம். தசைவலி உண்மையான பக்கவிளைவே. ஆயினும் 2020இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு சிந்திக்க வைக்கிறது. வலி முதலிய தொல்லைகளால் ஸ்டாட்டினை நிறுத்திவிட்ட 60 பேருக்கு, சில மாதம் மருந்தும் சில மாதம் மருந்தில்லாத வெற்று மாத்திரையும், எது எதுவென்று சொல்லாமல் கொடுத்தனர். சில மாதம் எதையும் கொடுக்கவில்லை. மருந்து மாதத்தில் கண்ட தொல்லையில் 90 விழுக்காடு வெற்று மாத்திரை மாதத்திலும் இருந்தது! முடிவைக் கண்ட பின் அவர்களில் பாதிப்பேர் மருந்தை மீண்டும் தொடங்கினர். வலி பொய் என்று நான் கூறவில்லை. வலி வந்தால் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லவேண்டும். அளவைக் குறைக்கவும் வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றவும் வழி உண்டு. கடுமையான தசைவலியோடு சிறுநீர் கறுத்துப் போனால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அது அரிது, ஆனால் ஆபத்தானது.

சிலருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு சிறிது கூடுகிறது என்பதும் மெய்யே. இருதய ஆபத்து மிகுந்தவர்களுக்குக் கிடைக்கும் நன்மை அதைவிடப் பெரிது. கிரேப்ஃப்ரூட் பழம் சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் மருந்துகளின் வேகத்தை இரத்தத்தில் கூட்டிவிடும். பம்பளிமாசும் அதே இனம். ஆதலால் மருந்தாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சீன மருந்துக் கடைகளில் கிடைக்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசியில் ஒரு ஸ்டாட்டினே இயற்கையாக உள்ளது. அதையும் மாத்திரையையும் சேர்த்து உண்ணலாகாது. கருத்தரிக்க எண்ணும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிப்பது இன்றியமையாதது.

எல்லாம் செய்தும் இறங்காவிட்டால்?

முதலில், மாத்திரை நாள்தோறும் வயிற்றுக்குள் போகிறதா என்று பார்க்கவேண்டும். நான் கண்ட 'பிடிவாதக் கொழுப்பு' பலவற்றின் இரகசியம் அலமாரியில்தான் இருந்தது. அடுத்து, தைராய்டு சுரப்பி மந்தமாக இருந்தாலும், சிறுநீரக நோய் இருந்தாலும், நீரிழிவு கட்டுப்படாவிட்டாலும் கொழுப்பு கெடும். எளிய பரிசோதனைகளில் இவற்றைக் கண்டறியலாம். மற்ற நோய்களுக்கு உண்ணும் சில மருந்துகளும் காரணமாகலாம். இவை யாவும் சரியாக இருந்தும் இறங்காதவர்களுக்கு இன்று ஊசி மருந்துகளும் வந்துள்ளன. இரண்டு வாரத்திற்கு ஒருமுறை போடுவனவும், தொடக்க ஊசிகளுக்குப் பின் ஆறு மாதத்திற்கு ஒருமுறை போடுவதும் உண்டு. விலை அதிகம், ஆயினும் தேவைப்படுவோருக்கு வழி இருக்கிறது.

அளவு இறங்கிவிட்டது, இனி மாத்திரை எதற்கு என்று நிறுத்துவோரும் உளர். மருந்தை உண்பதால்தான் அளவு இறங்கி நிற்கிறது. நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்திற்கே போய்விடும்.

பிள்ளைகளை மறவாதீர்கள்

குடும்பவழி நோய் உள்ள ஒருவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. என் மகன் தப்பினான். மகளுக்கு எல்.டி.எல். 5.8. அவளுக்கு அப்போது வயது 19. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. இன்று அவள் மருத்துவர் மேற்பார்வையில் நலமாக வாழ்கிறாள். இந்நோய்க்கு வலி இல்லை. வெளியே தெரியும் அடையாளமும் பெரும்பாலோருக்கு இல்லை. இரத்தப் பரிசோதனை ஒன்றே அதைக் காட்டும். உங்கள் குடும்பத்தில் ஆண்கள் 55 வயதுக்கு முன்போ, பெண்கள் 60 வயதுக்கு முன்போ மாரடைப்புக் கண்டிருந்தால், உடன்பிறந்தாரையும் பிள்ளைகளையும் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். செலவு சொற்பம்.

கொழுப்பு ஏறியதில் வெட்கப்பட ஏதும் இல்லை. மாத்திரை உண்பது மனவலிமைக் குறைவின் அடையாளமும் இல்லை. பசித்தோர்க்கு உணவளிக்கும் கைகள் நீண்ட நாள் அளித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். எல்லாரும் நோயின்றி நெடுநாள் வாழ இறைவன் துணைபுரிவானாக!