மாடியின் வெப்பத்தை உதவியாளருக்குச் சொல்வது யார்?

செயற்கை நுண்ணறிவு உதவியாளருக்குக் கண்ணும் இல்லை, தோலும் இல்லை. நம் மாடியில் இப்பொழுது எவ்வளவு வெப்பம் என்பதைப் பிறர் சொன்னால்தான் அது அறியும். பி.எம்.இ.280 என்னும் சிறு உணரி வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் அளக்கிறது. இ.எஸ்.பி.32 என்னும் சில்லு அவ்வளவுகளை வைஃபை வழியே கணினிக்கு அனுப்புகிறது. அங்குள்ள சிறு நிரல், உதவியாளர் கேட்கும்பொழுது கடைசி அளவையும் அது எடுக்கப்பட்ட நேரத்தையும் கொடுக்கிறது. இத்தகைய இணைப்புக்கென 2024-இல் எம்.சி.பி. என்னும் பொது நெறிமுறை வெளியாயிற்று.

ஆனால் உணரி வெயிலில் இருந்தால், காற்றின் வெப்பநிலையை அளக்காது. சூடேறிய தன் வெப்பநிலையையே அளக்கும். உதவியாளரோ அத்தவறான எண்ணுக்கும் அழகாக விளக்கம் சொல்லிவிடும்! ஆகவே உணரியை நிழலில், காற்று நுழையும் சாய்வுச் சட்டங்கள் கொண்ட வெண்ணிறப் பெட்டிக்குள் வையுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஸ்டீவன்சன் வகுத்த இப்பெட்டி இன்றைய கருவிக்கும் இன்றியமையாதது.